மீட்பு பீகிள்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

மீட்கப்பட்ட பீகிள் இன நாய்கள் தத்துப் போகும்வரை அவற்றை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். நாய் புது வீட்டுக்குக் கிளம்பியதும் என் வேலை முடிந்துவிடும் என்று ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். முடிவதில்லை. நான்காம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் எப்படியும் ஒரு ஃபோன் வந்துவிடும். "சாப்பிடவே மாட்டேங்குது." "நாங்க வெளியே போனா தெருவே கேக்கற மாதிரி ஊளை." "கதவைத் திறந்தேன், போயே போச்சு." ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் நாய் எதைச் செய்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். காசு செலவில்லாத காரணத்தை முதலிலும் கையைக் கடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள். நேராகக் கடைசிக்குத் தாவி ஸ்கேன் எடுத்தவர்களும் உண்டு, முதல் காரணத்திலேயே மூன்று மாதம் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு.

எதைப் பார்ப்பதற்கு முன்பும் இரண்டு தகவல் வேண்டும். ஒன்று, நாய் வந்து எத்தனை நாள் ஆயிற்று. மீட்புப் பணியில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கைக்கணக்கு சொல்வார்கள்: மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் இது தன் இடம் என்று ஊன்றும். கணக்கு முன்னே பின்னே ஆகலாம். ஆனால் முதல் வாரத்தில் பார்த்ததை வைத்து நாயின் குணத்தை முடிவு செய்துவிடாதீர்கள்.

இரண்டு, நாய் எங்கிருந்து வந்தது. வேறொரு வீட்டிலிருந்தா, வேட்டைக் கூட்டத்திலிருந்தா, ஆய்வுக்கூடத்திலிருந்தா? ஆய்வுக்கூடங்கள் அதிகம் பயன்படுத்தும் நாயினம் பீகிள்தான். 2022இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரே வளர்ப்பகத்திலிருந்து ஏறத்தாழ 4,000 பீகிள்களை வெளியே கொண்டுவந்தார்கள். காதின் உட்புறம் பச்சை குத்திய எண் இருந்தால் உங்கள் நாயும் அப்படி ஓரிடத்திலிருந்து வந்திருக்கக்கூடும். அதற்குப் புல், படிக்கட்டு, டிவி சத்தம் எல்லாமே புதிது. கீழே ஆய்வுக்கூட நாய் என்று வருமிடங்களைக் கவனித்துப் படியுங்கள்.

## இவற்றில் ஒன்று இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்

- வயிறு உப்பியிருக்கிறது, வாந்தி எடுக்க முயல்கிறது, ஒன்றும் வரவில்லை.
- வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டுகிறது, அல்லது 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை வருகிறது.
- பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நடக்கிறது, அல்லது எழவே முடியவில்லை.
- ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கிறது.
- குட்டிக்கு வாந்தியும் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் சேர்ந்து வருகிறது. தடுப்பூசி முடியாத குட்டி என்றால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.
- சிறுநீர் கழிக்க முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை.
- சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, சைலிட்டால் சேர்த்த சூயிங்கம், எலி மருந்து, மனிதர்களுக்கான வலி மாத்திரை, இவற்றில் எதையாவது தின்றுவிட்டது. உறையைக் கையோடு எடுத்துப் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து நீங்களே வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே விஷமாகிவிடும்.

## மூலையில் முடங்கிக் கிடக்கிறது, சாப்பிடவில்லை

வந்து மூன்று நாளுக்குள் என்றால் பயம்தான் பெரும்பாலும். செய்ய வேண்டியது மிகக் குறைவு, அதுதான் கஷ்டம். ஒரே அறை, ஒரு படுக்கை, தண்ணீர், பழைய இடத்தில் தின்ற அதே உணவு. பார்க்க வரும் உறவினர்களை அடுத்த மாதம் வரச் சொல்லுங்கள். தட்டை வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். ஆள் நின்றால் தின்னாத நாய் ஆள் போனதும் தின்னும். இரவில் மட்டும் எழுந்து தின்கிறதா என்று காலையில் தட்டைப் பாருங்கள். குழந்தைகள் கீழே உட்கார்ந்து சத்தமாகக் கதை படிக்கலாம். நாயை நோக்கிக் கை நீட்டுவது, குனிவது, கட்டிப்பிடிப்பது வேண்டாம்.

ஆய்வுக்கூட நாய் என்றால் தட்டே புரியாமல் இருக்கலாம். தரையில் நாலு பருக்கை தூவிப் பாருங்கள். படிக்கட்டில் உறைந்து நின்றால் கீழிருந்து இரண்டாவது படியில் நிறுத்தி இறங்கப் பழக்குங்கள், பிறகு மூன்றாவது, நான்காவது என்று ஏறுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டு தின்பண்டம். தூக்கிக்கொண்டு போய் மேலே விட்டால் அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: தூக்க வருகிற ஆளைக் கண்டால் ஓட வேண்டும்.

வாயில் வலியா என்று பாருங்கள். தட்டுவரை ஆசையாக வந்து, ஒரு வாய் எடுத்துக் கீழே போடுகிறது, ஒரு பக்கமாக மெல்லுகிறது, வாய் நாறுகிறது என்றால் பல். கூண்டுக் கம்பியைக் கடித்தே பல் தேய்ந்த நாய்கள் நிறைய வரும். உணவை வெந்நீரில் ஊறவைத்து ஆறவிட்டுக் கொடுத்துப் பாருங்கள். ஊறவைத்ததை மட்டும் தின்றால் பல் பார்க்க நேரம் குறியுங்கள். மயக்கம் கொடுத்துச் செய்யும் வேலை, செலவு ஆகும். ஆனால் அழுகிய பல் போன மறுவாரமே வேறு நாயாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எப்போது மருத்துவர்: தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் அன்றே. தண்ணீர் குடிக்கிறது, வளர்ந்த நாய், வாந்தி இல்லை என்றால் இரண்டு நாள் பொறுக்கலாம். குட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. வீடு பழகிவிட்ட பீகிள் விஷயம் வேறு. அது ஒரு வேளை சாப்பாட்டை விட்டாலே எனக்குச் சந்தேகம் வரும், இரண்டு வேளை விட்டால் வண்டிச் சாவியைத் தேடுவேன்.

## எவ்வளவு போட்டாலும் பசி, கண்ட இடத்தில் திருட்டு

முதலில் ஒன்று: இது கோளாறே இல்லாமல் இருக்கலாம். பீகிளுக்குப் "போதும்" என்ற சொல் தெரியாது. வளர்ந்த பீகிள் ஏறக்குறைய 9 முதல் 14 கிலோ இருக்கும். எடைக்கு முன்னால் கை சொல்லும். விலாவைத் தடவுங்கள். விரித்த கையின் புறங்கையில் எலும்பு தட்டுப்படுவதுபோல் விலா எலும்பு தட்டுப்பட்டால் சரியான உடம்பு. முஷ்டி மடக்கிய கணுக்களைப்போல் துருத்தினால் மெலிவு. அழுத்தினாலும் கிடைக்கவில்லையென்றால் நீங்கள் அள்ளிக் கொடுக்கிறீர்கள்.

*உடம்பு சரி, பசி மட்டும்:* அளந்து போடுங்கள், கண்ணளவு வேண்டாம். ஒரு நாள் தின்பண்டம் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் தனித்தனியாகக் கொடுத்திருப்பீர்கள். காலையிலேயே ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், டப்பா காலியானால் கடை மூடியாயிற்று. குப்பைக்கூடைக்குப் பூட்டும் மூடி போடுங்கள், நாற்காலியை மேசையோடு ஒட்டித் தள்ளுங்கள். பீகிள் நாற்காலியை ஏணியாக்கத் தெரிந்த ஜாதி.

*தின்கிறது, ஆனால் மெலிகிறது:* புழு. மலத்தைக் கொண்டுபோய்ப் பரிசோதனை செய்யுங்கள், மலிவான சோதனை. புழு மருந்துக்குப் பிறகும் மெலிந்தால் ரத்தப் பரிசோதனை. நீரிழிவும் கணையக் கோளாறும் அங்கேதான் தெரியும்.

*தின்பது கொஞ்சம், ஆனால் பெருக்கிறது, முடி மெலிகிறது, சோம்பிக் கிடக்கிறது:* தைராய்டு சுரப்புக் குறைவு பீகிள்களுக்கு வரக்கூடியது. ரத்தத்தில் தெரிந்துவிடும். மாத்திரை வாழ்நாள் முழுக்க, ஆனால் நன்றாகவே வேலை செய்யும்.

மலத்தைத் தின்பது பற்றியும் வெட்கப்பட்டுக்கொண்டே கேட்பார்கள். கூண்டில் வளர்ந்த நாய்களிடம் சகஜம். போன கையோடு அள்ளிவிடுங்கள், புழு பாருங்கள், அவ்வளவுதான்.

தட்டருகே போனால் உறுமுகிறதா? பழைய இடத்தில் போட்டி போட்டுத் தின்ற நாய். "யார் எஜமான் என்று காட்ட" தட்டைப் பிடுங்குவது பழைய வைத்தியம், அதைச் செய்தால் உறுமல் கடியாகும். தள்ளி நின்று தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றை எறிந்துவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நாளுக்கு நாலைந்து முறை. நீங்கள் நெருங்கும்போது அது வாலை ஆட்ட ஆரம்பித்த பிறகு ஓரடி கிட்டப் போங்கள். வாயில் கவ்வியதைப் பிடுங்காமல் பண்டமாற்று செய்யுங்கள். பல் பட்டு ரத்தம் வந்துவிட்டால், அல்லது வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், இதை நீங்களாகச் செய்யாதீர்கள். தண்டிக்காமல் பழக்கும் பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை மூடிய கதவுக்குப் பின்னால் சாப்பாடு.

## வீட்டுக்குள்ளேயே போகிறது

எங்கே, எவ்வளவு, எப்போது. இந்த மூன்றையும் இரண்டு நாள் ஒரு தாளில் குறித்தால் பாதி வழக்கு முடிந்துவிடும்.

குளம்போல், எங்கே வேண்டுமானாலும்: யாரும் கற்றுத் தரவில்லை. வயது ஐந்தானாலும் குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும், தின்றதும், விளையாடியதும், அதற்கிடையில் இரண்டு மணிக்கொரு முறை வெளியே. போன இடத்திலேயே, போன நொடியிலேயே பரிசு. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் வீட்டுக்குள் வந்ததற்குப் பரிசு என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே போன இடத்தை என்சைம் கிளீனரால் துடையுங்கள். அம்மோனியா கலந்தது வேண்டாம், அதன் மூக்குக்கு அது சிறுநீர் வாசம்தான்.

வெளியே அரை மணி நின்றும் போகாமல், உள்ளே வந்ததும் போகிறது: ஆய்வுக்கூட நாயின் முத்திரை இது. கம்பித் தரையிலும் சிமெண்ட்டிலும் போய்ப் பழகியது, புல் என்பது கழிப்பிடம் என்று யாரும் சொல்லவில்லை. முதலில் வெளியே சிமெண்ட் தரையில் போக விடுங்கள். பழகியதும் அதன் ஓரத்துப் புல்லுக்கு நகர்த்துங்கள். நான் வைத்திருந்த ஒரு பெண் நாய்க்குப் பதினொரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் புல்லில் போனபோது நான் கைதட்டியதில் பயந்து பாதியில் நிறுத்திக்கொண்டது. ஆகவே மெதுவாகப் பாராட்டுங்கள்.

மூலை, சோபாக் கால், கொஞ்சம் கொஞ்சமாக: எல்லை குறிக்கிறது. ஆண் நாய்க்குச் சமீபத்தில்தான் கருத்தடை நடந்திருந்தால் ஓடும் ஹார்மோன் அடங்கச் சில வாரம் ஆகும்.

நீங்கள் குனியும்போதும் வீடு திரும்பும்போதும்: பயத்திலோ பரபரப்பிலோ கசிகிறது. திட்டினால் கூடும். நிமிர்ந்தே நின்று, கண்ணைப் பார்க்காமல், நேராக வெளியே கூட்டிப் போங்கள்.

தூங்கிய இடம் நனைந்திருக்கிறது: கருத்தடை செய்த பெண் நாய்களுக்குச் சிறுநீர்ப்பை வாய் தளர்வது உண்டு. மருந்து இருக்கிறது.

அடிக்கடி, சொட்டுச் சொட்டாக, ரத்தம் கலந்து: தொற்று அல்லது கல். காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்து எடுத்துப் போங்கள். ஒரு கரண்டியை நீளக் குச்சியில் கட்டிப் பிடிப்பது சுலபம்.

தண்ணீரும் அதிகம் குடிக்கிறது: 24 மணி நேரம் அளந்து வையுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 10 கிலோ நாய் ஒரு லிட்டரைத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை அவசியம். சிறுநீரகம், நீரிழிவு, குஷிங் நோய் என்று பட்டியல் அங்கிருந்து நீளும்.

## தனியே விட்டால் ஊளை

தத்துக்குப் போன பீகிள் திரும்பி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் காரணம் இதுதானா என்று முதலில் கேட்பேன். பீகிளுக்கு மூன்று குரல்: குரைப்பு, ஊளை, வேட்டையில் தொண்டையைத் திறந்து இடும் நீண்ட முழக்கம். கடைசிக் குரலைச் சுவர் தடுக்காது.

மருந்து, பயிற்சி, புகார் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பழைய ஃபோனை அலமாரியில் வைத்துப் பதிவை ஓடவிட்டு வெளியே போங்கள். முதல் முப்பது நிமிடம் போதும். அக்கம்பக்கத்தார் சொல்வதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். "நாள் முழுக்க" என்பார்கள், பதிவில் ஏழு நிமிடம் இருக்கும். சில சமயம் தலைகீழாகவும் நடக்கும்.

படுத்திருக்கிறது, ஏதோ சத்தம் கேட்டதும் எழுந்து குரைக்கிறது, மறுபடி படுக்கிறது. காவல் வேலை. ஜன்னலை மறையுங்கள், மின்விசிறியோ வானொலியோ ஓடட்டும், தெருப்பக்க அறையிலிருந்து படுக்கையை மாற்றுங்கள். செலவு இல்லை.

ஒரு மணி நேரம் தூங்குகிறது, பிறகு எழுந்து சுற்றி, எதையாவது கிழித்து, பாட்டை ஆரம்பிக்கிறது. சலிப்பு, அல்லது சிறுநீர் முட்டுகிறது. கிளம்புமுன் இருபது நிமிட நடை போதாது என்று தூரத்தைக் கூட்டுவார்கள். தூரத்தைவிட மூக்கு முக்கியம். அரை மணி நேரம் நின்று நின்று முகர விட்டுக் கூட்டி வந்தால் ஒரு மணி நேரம் ஓடியதுபோல் தூங்கும். வீட்டில் உணவைத் தட்டில் போடாமல் பழைய துண்டில் சுருட்டியோ அட்டைப்பெட்டிகளில் ஒளித்தோ தேட விடுங்கள்.

கதவு மூடிய சில நிமிடத்திலேயே மூச்சிரைப்பு, எச்சில் ஒழுகல், கதவையும் ஜன்னலையும் பிறாண்டல், சிறுநீர். பிரிவுப் பதற்றம் இப்படித்தான் தெரியும். அடம் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு மூச்சு முட்டுகிறது. கூண்டில் அடைத்தால் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். "அழுது ஓயட்டும்" என்று விட்டால் ஒவ்வொரு நாளும் மோசமாகும். குரைத்தால் ஷாக் அடிக்கும் பட்டைகளை என் வீட்டுப் படியில் ஏற்றமாட்டேன்.

செய்ய வேண்டியது: அது பதறத் தொடங்கும் நேரத்தைப் பதிவில் பாருங்கள். நாற்பது நொடி என்றால் இருபது நொடிக்குத்தான் வெளியே போக வேண்டும். திரும்பி வாருங்கள், கொண்டாட்டம் வேண்டாம். பிறகு முப்பது, ஐம்பது, இடையில் ஒரு பத்து. சாவியை எடுத்ததுமே பதறினால் சாவியை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் உட்காருங்கள், பத்துத் தடவை. இந்தக் காலத்தில் அதை நிஜமாகத் தனியே விடக் கூடாது; இதுதான் எல்லாரும் தடுக்கி விழும் இடம். உறவினர், பக்கத்து வீட்டுப் பாட்டி, பகல் பராமரிப்பு, அலுவலகத்தில் அனுமதி, ஏதோ ஒன்றைப் பிடியுங்கள்.

இன்னொரு நாய் வாங்கினால் சரியாகுமா? கூட்டமாகவே வளர்ந்த பீகிளுக்குச் சில சமயம் ஆகும். ஆனால் பெரும்பாலும் அது தேடுவது மனிதரை. இரண்டு நாய் ஊளையிடும் வீடும் எனக்குத் தெரியும். முதலில் ஒரு நாயை இரண்டு வாரத்துக்கு விருந்தாளியாக அழைத்து அதே பதிவை எடுத்துப் பாருங்கள்.

எப்போது மருத்துவர்: தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறது, அல்லது நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஃபுளூவாக்செடின், குளோமிப்ரமின் போன்ற மருந்துகளை நாயின் எடைக்கேற்ப அவர் தருவார். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், அதுவும் பயிற்சியோடு சேர்ந்தால்தான். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையில் பாதி கொடுத்தேன் என்று இதுவரை மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். கூடாது.

வயதான நாய் இரவில் மட்டும் சுவரைப் பார்த்து ஊளையிட்டால் இந்தத் தலைப்பு அதற்குப் பொருந்தாது. காது, கண், மூளைத் தேய்வு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

## கூப்பிட்டால் வருவதில்லை, ஓடப் பார்க்கிறது

மூக்கு தரையில் பட்டுவிட்டால் காது மூடிக்கொள்ளும். இதைத் திருத்த முடியாது, ஏற்பாடுதான் செய்ய முடியும். வேலியில்லாத இடத்தில் பீகிளை அவிழ்த்து விடுவதில்லை என்பது என் வீட்டுச் சட்டம், எவ்வளவு பழகியதாக இருந்தாலும் சரி.

கழுத்துப்பட்டையிலிருந்து பின்வாங்கி உருவிக்கொள்கிறது: பீகிளின் தலைக்கும் கழுத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. இழுத்தால் அளவோடு இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை, கூடவே மார்புப்பட்டை, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. பயந்த நாய்க்கு விலாவுக்குப் பின்னும் ஒரு வார் ஓடும் மூன்று வார்ப் பட்டை நல்லது. முதல் மாதம் இதில் சலுகையே கிடையாது.

கதவிடுக்கில் பாய்கிறது: வாசலுக்கு உள்ளே குழந்தைகளுக்கான தடுப்புக் கதவு ஒன்று போடுங்கள். யார் மணி அடித்தாலும் நாய் தடுப்புக்கு உட்புறம்.

தோண்டுகிறது: வேலியைச் சுற்றி மண்டியிட்டு ஒரு சுற்று வாருங்கள். நின்றபடி பார்த்தால் ஓட்டை தெரியாது. அடியில் கம்பிவலையை உட்புறமாக மடித்துப் புதைத்து மேலே கல் வையுங்கள்.

ஓடியே விட்டது: துரத்தாதீர்கள். கும்பலாகப் பெயரைக் கூவிக்கொண்டு தேடாதீர்கள், புது நாய்க்கு அந்தப் பெயரே இன்னும் பழகவில்லை. கண்ணில் பட்டால் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து உணவு டப்பாவைக் குலுக்குங்கள். பட்டால்தானே? படாவிட்டால் கடைசியாகக் கண்ட இடத்தில் அதன் படுக்கை, நீங்கள் உடுத்திக் கழற்றிய சட்டை, தண்ணீர் வையுங்கள். பீகிள் வேட்டைக்காரர்கள் நாய் தொலைந்த இடத்தில் தங்கள் மேல்சட்டையை விரித்துவிட்டுப் போய் மறுநாள் காலை வருவார்கள். நாய் தன் தடத்தையே முகர்ந்து திரும்பி வந்து அதன்மேல் படுத்திருக்கும். விடியற்காலையில் போய்ப் பாருங்கள்.

அன்றைக்கே மீட்பு அமைப்புக்குச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு இரண்டு நாள் கழித்துச் சொல்பவர்கள்தான் அதிகம். காயப்படுத்தாத பொறிக்கூண்டும் அதை வைக்கத் தெரிந்த ஆளும் அவர்களிடம் இருப்பார்கள். மைக்ரோசிப் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சிப் இடம் காட்டாது. யாரோ நாயைப் பிடித்துக் கருவியால் படித்தால்தான் அந்த 15 இலக்க எண் வெளிவரும், அந்த எண்ணுக்கு நேரே இருப்பது இன்னும் என் ஃபோன் எண்ணாக இருக்கலாம். தத்து எடுத்த அன்றே மாற்றிவிடுங்கள்.

## வயிற்றுப்போக்கு

முதல் வாரத்தில் பாதிப் பேர் வீட்டில் நடக்கும். காரணம் பெரும்பாலும் அன்பு: புது உணவு, புதுத் தின்பண்டம், ஆளுக்கொரு கை. பழைய உணவுக்குத் திரும்புங்கள், 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஜெல்லிபோல் வழவழப்பும் ஓரிரு ரத்தக் கோடும் இருந்து, நாய் சுறுசுறுப்பாகவே இருந்தால் அலைச்சலில் பெருங்குடல் எரிந்திருக்கிறது. உப்போ காரமோ எண்ணெயோ இல்லாமல் வேகவைத்த கோழியும் சோறும் சின்னச் சின்னத் தடவையாக. இரண்டு நாளில் அடங்காவிட்டால் புது மலத்தோடு மருத்துவரிடம். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி ஒரே ஒரு மல மாதிரியில் அகப்படாமல் போகலாம், மூன்று நாள் மாதிரி கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

## இருமல், குறட்டை, கொர்கொர் சத்தம்

*வாத்து கத்துவதுபோல் இருமி, கடைசியில் ஓங்கரிக்கிறது:* "தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். காப்பகத்திலிருந்து வந்து இரண்டு வாரத்துக்குள் என்றால் பெரும்பாலும் கென்னல் காஃப், அதாவது நாய்க்கு நாய் தொற்றும் இருமல். மற்ற நாய்களிடமிருந்து பிரியுங்கள், கழுத்துப்பட்டையை விட்டு மார்புப்பட்டைக்கு மாறுங்கள். காய்ச்சல், மஞ்சள் சளி, சாப்பாடு வேண்டாமை சேர்ந்தால் மருத்துவர். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். உங்கள் கணக்கில் அது காய்ச்சல், அதற்கு அல்ல.

*நின்ற இடத்தில் கழுத்தை நீட்டி மூக்கால் கொர்கொர் என்று உள்ளிழுக்கிறது, ஒரு நிமிடத்துக்குள் ஒன்றும் நடக்காததுபோல் போகிறது:* தலைகீழ்த் தும்மல். பயமுறுத்தும், ஆபத்தில்லை. ஒரு வீடியோ எடுத்து வைத்து அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

*வளர்ந்த நாய், வாரக்கணக்கில் இருமல், நடந்தால் களைப்பு:* கொசு பரப்பும் இதயப்புழு, அல்லது இதயமே. ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டும். இதயப்புழு சிகிச்சை மாதக்கணக்கில் ஓடும், செலவும் அதிகம், அந்தக் காலம் முழுக்க நாய் ஓடக் கூடாது. தத்து எடுக்கும் முன்பே இந்தச் சோதனை முடிந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

## காதும் கண்ணும்

தலையை உதறுகிறது, காதைச் சொறிகிறது. மடலைத் தூக்கி முகருங்கள். புளித்த வாடை என்றால் ஈஸ்ட், காப்பித்தூள் போன்ற பொடி என்றால் காதுப்பேன், ஒரே காது திடீரென்று என்றால் புல் விதை புகுந்திருக்கலாம். அழுக்கு மட்டும் என்றால் நாய்களுக்கான காதுக் கழுவலை விட்டு, அடிக்காதைப் பிசைந்து, நாயே உதறிய பிறகு பஞ்சால் வெளிப்பக்கம் துடையுங்கள். காது குடையும் குச்சி வேண்டாம். வாடையோ சிவப்போ வலியோ இருந்தால் மருத்துவர் செவிப்பறையைப் பார்க்கும்வரை எந்தச் சொட்டும் விடாதீர்கள். ஆண்டுக்கு மூன்று முறை வந்தால் காதில் பிரச்சினை இல்லை, ஒவ்வாமை; எட்டு வார உணவுச் சோதனைக்குத் தயாராகுங்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்து தள்ளாடினால் உள்காது, அன்றே போங்கள்.

கண்ணின் உள்மூலையில் செர்ரிப் பழம்போல் சிவப்பு உருண்டை என்றால் அதன் பெயரே செர்ரி ஐ. மூன்றாம் இமையின் சுரப்பி பிதுங்கியிருக்கிறது. ஒன்றிரண்டு நாளில் காட்டினால் போதும். அறுவை தேவைப்பட்டால் சுரப்பியை உள்ளே வைத்துத் தைக்கக் கேளுங்கள், வெட்டி எறிந்தால் பின்னாளில் கண் உலர்ந்துபோகும். கண் மங்கி, சிவந்து, நாய் அதைத் திறக்க மறுத்தால் அது வேறு: கண் அழுத்தமாக இருக்கலாம், சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம்.

## தூக்கினால் கத்துகிறது, சோபாவில் ஏறுவதில்லை

முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டு விலகும் இனங்களில் பீகிளும் ஒன்று. முதுகு வளைந்து, கழுத்து விறைத்து, படியைத் தவிர்த்தால் கூண்டிலோ சிறு அறையிலோ ஓய்வு, கழிக்க மட்டும் கயிற்றில் வெளியே, அடுத்த நாளே மருத்துவர். கால் தடுமாறினால் அந்த நிமிடமே. பலகைமேல் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். உங்கள் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் நாய்க்குக் கழுத்து வலியோடு காய்ச்சலும் இருந்தால் மூளைச்சவ்வு அழற்சி ஒன்று உண்டு, பீகிள்களிடம் வருவது. ஸ்டீராய்டு மாதக்கணக்கில் தேவைப்படும், பெரும்பாலும் குணமாகும். "சுளுக்கு" என்று விடாதீர்கள்.

## குழந்தையைப் பார்த்து உறுமுகிறது

உறுமலைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். அதற்கு முன்பே கொட்டாவி, உதட்டை நக்கல், முகத்தைத் திருப்பி வெள்ளைவிழியால் பார்த்தல் எல்லாம் நடந்திருக்கும். தின்னும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது, அதன் படுக்கைப் பக்கம் குழந்தை போகக் கூடாது என்று இரண்டு சட்டம் போட்டாலே பல வீடுகளில் அடங்கிவிடுகிறது. இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று ஆரம்பித்தால் எங்கோ வலி: பல், காது, முதுகு என்று மேலே உள்ள தலைப்புகளுக்குத் திரும்புங்கள். பல் பட்டுவிட்டால் அன்றே பிரித்து வைத்து மீட்பு அமைப்பையும் பயிற்சியாளரையும் கூப்பிடுங்கள். குழந்தையின் காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். நாயின் வெறிநோய்த் தடுப்பூசித் தாளையும் எடுத்துப் போங்கள், தாள் இருக்கிறதே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள்.

## ஃபோன் செய்யும் முன்

வந்த தேதி, எடை, கடைசியாகத் தின்றது, மலத்தின் படம், தடுப்பூசித் தாள், கோளாறின் வீடியோ. இவை கையில் இருந்தால் பத்து நிமிடத்தில் முடியும். ஊளை என்றாலும் இருமல் என்றாலும் வீடியோவை அனுப்புங்கள், நீங்களே செய்து காட்ட வேண்டாம். ஒருவர் செய்து காட்டினார்; என் வீட்டில் இருந்த மூன்று பீகிளும் பதில் சொல்லி ஓய முக்கால் மணி நேரம் ஆயிற்று.